ஹேட்விக் என்றால் 'போர், போர்' தானா? ஜெர்மானிய மரபுப் பெயர்களும் அவற்றின் பொருளும்

ஜெர்மனியில் வாழும் தம் அக்கா மகளுக்கு வரும் அக்டோபர் மாதத்தில் பெண் குழந்தை பிறக்கவிருப்பதாகவும், தமிழ்ப் பெயர் ஒன்றுடன் அந்நாட்டின் மரபுப் பெயர் ஒன்றையும் சேர்த்து வைக்க அவர்கள் விரும்புவதாகவும் ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர்ப் பட்டியல்களைப் புரட்டினால் ஹேட்விக் என்பதற்குப் 'போர், போர்' என்றும் கெர்ட்ரூட் என்பதற்கு 'ஈட்டி, வலிமை' என்றும் பொருள் போட்டிருக்கிறதாம். பச்சைக் குழந்தைக்கு இப்படியா பெயர் வைப்பார்கள், பட்டியல் தவறா, தாம் புரிந்துகொண்டது தவறா என்பது அவருடைய கேள்வி.

பட்டியல் தவறில்லை. ஹேட்விக் என்னும் பெயரின் முற்பகுதியான 'ஹாடு' என்பதற்கும் போர் என்றுதான் பொருள். பிற்பகுதியான 'விக்' என்பதற்கும் போர் என்றுதான் பொருள். ஆனால் அப்பெயரை வைத்த பெற்றோர் 'போர், போர்' என்று சொல்ல நினைத்து அதை வைக்கவில்லை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் ஜெர்மானியப் பெயர் மரபு பிடிபடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பழைய ஜெர்மானியப் பெயர்களில் மிகப் பெரும்பாலானவை இரண்டு உறுப்புகளைச் சேர்த்து அமைக்கப்பட்டவை. ஒவ்வோர் உறுப்பும் அக்கால மொழியில் தனியே வழங்கிய ஒரு சொல். 'கெர்' என்றால் ஈட்டி, 'ஹார்ட்' என்றால் உறுதி. இரண்டும் சேர்ந்தால் கெர்ஹார்ட். 'பெர்ன்' என்றால் கரடி. அதனுடன் அதே 'ஹார்ட்' சேர்ந்தால் பெர்ன்ஹார்ட். காட்டுப்பன்றியைக் குறிக்கும் 'ஏபர்' சேர்ந்தால் ஏபர்ஹார்ட். 'வில்' என்பது மனவுறுதி, 'ஹெல்ம்' என்பது தலைக்கவசம். அவற்றின் சேர்க்கை வில்ஹெல்ம். 'ஹைம்' என்றால் வீடு, 'ரிக்' என்றால் வல்லமை உடையவன் அல்லது ஆள்பவன். ஹைன்ரிக் பிறந்தது அப்படித்தான். 'ஃப்ரிடு' என்றால் அமைதி. ஃபிரீட்ரிக் என்பதில் முதலில் நிற்பது அது. மக்கள் என்று பொருள்படும் 'டியோட்' முன்னால் வந்தால் டீட்ரிக். துணிவு என்னும் 'குவோனி'யும் அறிவுரை என்னும் 'ராட்'டும் சேர்ந்தது கொன்ராட். புகழைக் குறிக்கும் 'ஹ்ரூட்', ஒளியைக் குறிக்கும் 'பெராட்' ஆகியவற்றின் சேர்க்கைதான் உலகமெங்கும் வழங்கும் ராபர்ட். உயர்குடி என்னும் 'ஆடல்' அதே 'பெராட்'டுடன் சேர்ந்து ஆடல்பெர்ட் ஆகி, பின்னர் ஆல்பர்ட் என்று தேய்ந்தது.

இந்த உறுப்புகளின் தொகுதியைப் பார்த்தாலே அவற்றை வழங்கிய சமூகம் எதை மதித்தது என்பது தெரிந்துவிடும். போருக்கு மட்டும் ஹில்ட், குண்ட், ஹாடு, விக் என்று குறைந்தது நான்கு சொற்கள் பெயர்களில் வருகின்றன. ஈட்டி, வாள், தலைக்கவசம், மார்புக்கவசம் எல்லாம் உண்டு. விலங்குகளில் ஓநாய், கரடி, காட்டுப்பன்றி. பறவைகளில் கழுகும் காக்கை இனத்தைச் சேர்ந்த பெரிய அண்டங்காக்கையும். ஆர்னோல்ட் என்பது கழுகும் ஆட்சியும். வோல்ஃப்ராம் என்பது ஓநாயும் அண்டங்காக்கையும். போர்க்களத்தில் பிணங்களைத் தேடி வரும் அவ்விரண்டையும் ஒரு குழந்தையின் பெயரில் சேர்த்துவைத்தது நமக்கு விந்தையாகப் படலாம். ஆனால் அம்மக்களுக்கு அவை வெற்றியின் அடையாளங்கள். ஆயுதங்களும் விலங்குகளும் ஒரு பக்கம் இருந்தாலும், அறிவுரை, புகழ், உடைமை, நட்பு, குடிமக்கள், பாதுகாப்பு என்னும் பொருளுடைய உறுப்புகளும் அதே அளவுக்கு நிறைய உண்டு என்பதைப் பட்டியல்களைப் பார்த்து மிரள்பவர்கள் கவனிக்க வேண்டும்.

ஆண் பெயரா, பெண் பெயரா என்பதை முடிவு செய்தது பின்னுறுப்பு. இலக்கணத்தில் பெண்பாலாக வழங்கிய சொல் கடைசியில் நின்றால் அது பெண் பெயர். போர் என்னும் 'ஹில்ட்', காவல் அல்லது வேலி என்னும் 'கார்ட்', மறைபொருள் என்னும் 'ரூன்', கோட்டை அல்லது புகலிடம் என்னும் 'புர்க்' ஆகியவை பெண்பாற் சொற்கள் என்பதால்தான் மட்டில்டே, ஹில்டகார்ட், ஸீக்ரூன், வால்புர்க் என்று பெண் பெயர்கள் அமைந்தன. ஓநாயும் தலைக்கவசமும் வாளும் ஆண்பாற் சொற்கள் என்பதால் அவை ஆண் பெயர்களின் கடைசியில் நின்றன. ஆகவே ஒரு பெண்ணின் பெயரில் போர் என்ற சொல் வருவதற்கு அவளைப் போர்மகளாகக் கருதியது மட்டுமே காரணமன்று; பெண் பெயரின் இறுதியில் நிற்கத் தகுந்த சொற்களுள் அது ஒன்றாக இருந்ததும் ஒரு காரணம்.

இப்போது தங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இரண்டு உறுப்புகளையும் சேர்த்து ஒரு வாக்கியமாகப் படிக்கலாமா? சில பெயர்களில் அது பொருந்துவதுபோலத் தோன்றும். ஃபிரீட்ரிக் என்பதை 'அமைதியை நிலைநாட்டும் அரசன்' என்று படிப்பது அழகாகவே இருக்கிறது. ஆனால் ஹில்டகுண்ட் என்பதை எப்படிப் படிப்பது? அதுவும் ஹேட்விக் போலவே போரும் போரும். 597-ஆம் ஆண்டில் இறந்த பிராங்கிய அரசி ஃப்ரெடகுண்ட் என்பவரின் பெயரில் முதல் உறுப்பு அமைதி, இரண்டாம் உறுப்பு போர். அமைதிப் போர் என்று ஒருவர் தம் மகளுக்குப் பெயர் வைத்திருப்பார் என்று நம்ப முடியாது. வோல்ஃப்காங் என்பதை 'ஓநாயின் நடை' என்று பட்டியல்கள் மொழிபெயர்க்கின்றன. உறுப்புகளின் பொருள் அதுவே என்றாலும் அத்தொடர் எதைச் சொல்ல வருகிறது என்று கேட்டால் ஒன்றும் தேறாது. ஆகவே, முழுப்பெயருக்கு ஒரே வாக்கியமாகப் பொருள் தரும் பட்டியல்களில், 'வெற்றியால் அமைதியைக் கொணர்பவன்' என்பது போன்ற நேர்த்தியான தொடர்களைக் கண்டால், அது தொகுத்தவரின் கற்பனை என்று எடுத்துக்கொள்வதே நல்லது. உறுப்புகளின் பொருளைத் தனித்தனியே தந்து நிறுத்திக்கொள்ளும் பட்டியலே நேர்மையானது.

அப்படியானால் அந்த உறுப்புகளை எதற்காகச் சேர்த்தார்கள்? உறவைக் காட்டுவதற்காக. ஃபுல்டா மடாலயத்தில் ஏறத்தாழ 830-இல் இரு துறவிகள் ஒரு சமய ஏட்டின் முதல் பக்கத்திலும் கடைசிப் பக்கத்திலும் எழுதிவைத்த ஒரு பழம்பாடல் ஜெர்மன் மொழியில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய வீரப்பாடல். இரண்டு படைகளுக்கு நடுவே ஒரு முதியவனும் ஓர் இளைஞனும் எதிரெதிராக நிற்கிறார்கள். மூத்தவன் இளையவனிடம், நீ யார் மகன், எந்தக் குடியைச் சேர்ந்தவன் என்று கேட்கிறான். என் தந்தையின் பெயர் ஹில்டபிராண்ட், என் பெயர் ஹாடுபிராண்ட் என்று இளைஞன் விடை சொல்கிறான். கேட்டவன்தான் அந்த ஹில்டபிராண்ட், 30 ஆண்டுகள் நாடு நீங்கியிருந்து திரும்பியவன், ஹெரிபிராண்டின் மகன். பாட்டன் ஹெரிபிராண்ட், தந்தை ஹில்டபிராண்ட், மகன் ஹாடுபிராண்ட்: மூவர் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கி, வாளைக் குறிக்கும் 'பிராண்ட்' என்னும் ஒரே உறுப்பில் முடிகின்றன. படை, போர், போர் என்று முன்னுறுப்பு மட்டும் மாறுகிறது. பெயரைக் கேட்ட அளவில் இன்ன குடி, இன்னாரின் வழி என்று தெரிந்துவிட வேண்டும் என்பதே அந்த முறையின் நோக்கம். பாடலில் மகன் தன் தந்தையின் பெயரைச் சொல்லிவிட்ட பிறகும் எதிரே நிற்பவனை நம்ப மறுக்கிறான் என்பதில்தான் அதன் துயரம் இருக்கிறது. ஏட்டில் இடம் தீர்ந்துபோனதால் முடிவு எழுதப்படாமலேயே நின்றுவிட்டது.

இடைக்கால ஜெர்மன் வீரகாவியமான நிபெலுங்கர் காவியத்திலும் இதே முறையைக் காணலாம். பர்கண்டிய அரசர்களான மூன்று சகோதரர்கள் குந்தர், கெர்னோட், கீஸல்ஹெர். மூன்றும் ககரத்தில் தொடங்குகின்றன. ஸீக்முண்டுக்கும் ஸீக்லிண்டுக்கும் பிறந்தவன் ஸீக்ஃபிரீட். தாய், தந்தை இருவருடைய பெயரின் முன்னுறுப்பான 'வெற்றி' மகனுக்கு அப்படியே இறங்குகிறது. வெற்றி, அமைதி என்னும் இரு கருத்துகளையும் எண்ணிப் பார்த்து வைத்த பெயராக இதைக் கொள்வதைவிட, பெற்றோரின் பெயரைக் குழந்தை சுமப்பதாகக் கொள்வதே பொருத்தம்.

காலப்போக்கில் உறுப்புகளைப் பிரித்துச் சேர்க்கும் வழக்கம் தளர்ந்து, முன்னோரின் பெயரை முழுவதுமாக மறுபடியும் வைக்கும் வழக்கம் நிலைபெற்றது. 919-இல் ஜெர்மன் அரசனான முதலாம் ஹைன்ரிக்கின் தந்தை பெயர் ஓட்டோ, தாய் பெயர் ஹாட்விக். மனைவி மட்டில்டேயுடன் அவன் பெற்ற மூத்த மகனுக்குப் பாட்டனின் பெயரான ஓட்டோ வந்தது. அவனே 962-இல் பேரரசனாக முடிசூடிய பேரரசர் ஓட்டோ. ஒரு மகளுக்குப் பாட்டியின் பெயரான ஹாட்விக் வந்தது. ஹாட்விக் என்பதும் ஹேட்விக் என்பதும் ஒரே பெயர்தான். அந்த மகளின் வயிற்றில் பிறந்த ஹூகோ கேப்பே 987-இல் பிரான்ஸின் அரசனானான். அவளுக்கு அப்பெயர் இடப்பட்டபோது போர் என்னும் சொல் எவர் மனத்திலும் இருந்திருக்க வேண்டியதில்லை. மனத்தில் இருந்தவள் பாட்டி.

அரசியலும் இதில் புகுந்தது. சார்லமேன் என்று அறியப்படும் பேரரசர் கார்லின் குடும்பத்தில் கார்ல், பிப்பின், கார்ல்மன் என்பவையே வழிவழியாக வந்த பெயர்கள். ஆனால் 778-இல் தமக்கு இரட்டை ஆண் குழந்தைகள் பிறந்தபோது அவர் அவர்களுக்கு லுட்விக் என்றும் லோதர் என்றும் பெயரிட்டார். தம் தந்தை 751-இல் அரியணையிலிருந்து அகற்றிய மெரோவிங்கிய மரபின் பெயர்கள் அவை. பழைய குடியின் பெயர்களை எடுத்துக்கொள்வதன் மூலம் அக்குடியின் உரிமையையும் எடுத்துக்கொண்டார் என்றே இதைப் படிக்க வேண்டும். லோதர் குழந்தையிலேயே இறந்துவிட, எஞ்சிய லுட்விக் பேரரசனானான். பிரான்ஸில் லூயி என்று வழங்குவது அதே பெயர். கார்ல் என்பதற்கு வெறுமனே ஆண்மகன், கட்டற்ற குடிமகன் என்பதே பொருள். ஆனால் அப்பெயருடைய ஒரு மனிதரின் பெருமையால் போலிஷ், செக், ரஷ்ய மொழிகளில் அரசனைக் குறிக்கும் பொதுச்சொல்லே அதிலிருந்து பிறந்தது. பெயருக்குப் பொருள் தருபவர் அதைச் சுமந்தவர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

இடையே ஒரு செய்தி: தூரிங்கியாவின் ரோய்ஸ் குடும்பத்தில் பிறக்கும் ஆண்கள் அனைவருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர் வைப்பது வழக்கம். அரசாள்பவருக்கு மட்டுமல்லாமல் எல்லா ஆண்களுக்கும் எண் இட்டதால், 72-ஆம் ஹைன்ரிக் என்று ஒருவர் 19-ஆம் நூற்றாண்டில் உண்மையாகவே ஆட்சி செய்தார்.

12, 13-ஆம் நூற்றாண்டுகளிலிருந்து புனிதர்களின் பெயர்கள் ஜெர்மானியப் பெயர்களை மெல்ல மெல்ல ஒதுக்கத் தொடங்கின. மாற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு குடும்பத்தைப் பார்க்கலாம். ஹங்கேரி அரசனின் மகளான எலிசபெத், தூரிங்கியாவின் கோமகன் நான்காம் லுட்விக்கை மணந்தாள். அவர்களுக்கு மூன்று குழந்தைகள்: ஹெர்மன், சோஃபி, கெர்ட்ரூட். ஹெர்மன் என்பது லுட்விக்கின் தந்தை பெயர்; சோஃபி என்பது அவன் தாயின் பெயர்; கெர்ட்ரூட் என்பது எலிசபெத்தின் தாய் பெயர். பாட்டன், பாட்டி, அம்மாவழிப் பாட்டி என்று முறை மாறாமல் வைத்திருக்கிறார்கள். அவற்றுள் இரண்டு பழைய ஜெர்மானியப் பெயர்கள். ஒன்று கிரேக்கப் பெயர். ஏழைகளுக்கு மருத்துவமனை அமைத்துத் தன் கையாலேயே பணிவிடை செய்து 1231-இல் தன் 24-ஆம் வயதில் இறந்த எலிசபெத், 1235-இல் புனிதராக அறிவிக்கப்பட்டாள். அதன் பிறகு எபிரேயப் பெயரான எலிசபெத் ஜெர்மன் வீடுகளில் சொந்தப் பெயராகவே ஆகிவிட்டது. எல்ஸே, இல்ஸே, லீஸல், லிஸ்பெட், எல்ஸ்பெட் எல்லாம் அதன் குறுக்கங்களே.

அவ்வெலிசபெத்தின் தாயோடு உடன்பிறந்தவள்தான் சிலேசியாவின் கோமகளாக வாழ்ந்து 1243-இல் மறைந்த புனித ஹேட்விக். தங்கள் பட்டியலில் 'போர், போர்' என்று கண்ட பெயரை அதன் பின்வந்த நூற்றாண்டுகளில் வைத்த தாய்மார்கள் நினைத்துக்கொண்டது, கடுங்குளிரிலும் காலணியின்றி நடந்ததாக மக்கள் கதை சொல்லும் இந்தப் பெண்மணியை. பெர்லின் நகரின் கத்தோலிக்கப் பேராலயம் அவள் பெயரிலேயே இருக்கிறது.

புனிதர் பெயர்களின் வெற்றி எவ்வளவு முழுமையானது என்பதைப் புரொட்டஸ்டன்ட் சமயச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரின் வீட்டில் பார்க்கலாம். அவர் 1483 நவம்பர் 10 அன்று பிறந்தார், மறுநாள் புனித மார்ட்டினின் நாள், அன்று அவருக்குத் திருமுழுக்கு நடந்தது, ஆகவே மார்ட்டின். தந்தை ஹான்ஸ், தாய் மார்கரேட்டே. பிள்ளைகள் யோஹான்னஸ், எலிசபெத், மாக்டலேனா, மார்ட்டின், பவுல், மார்கரேட்டே. புனிதர் வணக்கத்தையே மறுத்த ஒருவரின் ஆறு பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடப் பழைய ஜெர்மானியப் பெயர் இல்லை. யோஹான்னஸின் குறுக்கம் ஹான்ஸ். மார்கரேட்டேயின் குறுக்கம் கிரேட்டே. குழந்தைக் கதையில் வரும் ஹேன்ஸலும் கிரேட்டலும் இவற்றின் செல்ல வடிவங்கள் என்பது இப்போது விளங்கும்.

குறுக்கங்களைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனெனில் தங்கள் பட்டியலில் தனிப்பெயர்களாகத் தோன்றும் பல, உண்மையில் ஒரே பெயரின் வெவ்வேறு வட்டார முகங்கள். 'ட்ஸ்' என்று முடிப்பது பழைய முறை: ஃபிரீட்ரிக் ஃப்ரிட்ஸ் ஆவான், ஹைன்ரிக் ஹைன்ட்ஸ் ஆவான், லுட்விக் லுட்ஸ் ஆவான், கொன்ராட் குன்ட்ஸ் ஆவான். இடைக்காலத்தில் ஹைன்ரிக்கும் கொன்ராடும் தெருவுக்குத் தெரு நிறைந்திருந்ததால், 'ஹின்ட்ஸும் குன்ட்ஸும்' என்றால் போவோர் வருவோர் எல்லாரும் என்று இன்றும் பொருள். வடக்கே 'கெ' என்னும் ஒட்டு சேரும்: அன்னா அங்கெ ஆவாள், ஹைன்ரிக்கின் பெண்பால் ஹைக்கெ ஆகும். தெற்கே 'எல்', 'லெ' என்றும், சுவிட்சர்லாந்தில் 'லி' என்றும் வரும். ஆடல்ஹைட் என்னும் ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். உயர்குடி என்னும் 'ஆடல்', தன்மை அல்லது இயல்பு என்னும் 'ஹைட்'; பேரரசர் ஓட்டோவின் இரண்டாம் மனைவியும் பேரரசியுமான ஆடல்ஹைட் 999-இல் மறைந்தவர். அதே பெயர் வடகடலோரத்தில் தேய்ந்து எல்கெ ஆயிற்று. ஆல்ப்ஸ் மலைப்பக்கத்தில் தேய்ந்து ஹைடி ஆயிற்று. 1880-இல் வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்ட கதையில் வரும் மலைச்சிறுமி ஹைடியின் திருமுழுக்குப் பெயர் ஆடல்ஹைட். எல்கெ, ஹைடி, ஆடல்ஹைட் என்னும் மூன்று பெண்கள் ஒரே வகுப்பில் அமர்ந்திருந்தால் அவர்கள் மூவருக்கும் ஒரே பெயர் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது.

அளவுக்கு மீறிப் பரவிய பெயர்கள் மதிப்பிழந்து பொதுச்சொற்களாகவும் ஆயின. மாமன்னர்களின் பெயரான டீட்ரிக் இன்று ஜெர்மனில் கள்ளச்சாவியைக் குறிக்கும் சொல். ருப்ரெஷ்ட் என்பதன் குறுக்கமான ரூப்பல் முரடனைக் குறிக்கிறது. மெஷ்ட்ஹில்ட் என்னும் அரசகுலப் பெயரின் செல்ல வடிவமான மெட்ஸெ பெண்களை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகத் தாழ்ந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் வருந்தும்.

சீர்திருத்தத்துக்குப் பின் கத்தோலிக்கர், 1566-இன் ரோமத் திருச்சபை ஞானோபதேச நூல் அறிவுறுத்தியபடி, புனிதர் பெயர்களை இறுகப் பற்றிக்கொண்டனர். புரொட்டஸ்டன்டுகள், அவர்களிலும் குறிப்பாக 17, 18-ஆம் நூற்றாண்டுகளின் பக்தி இயக்கத்தார், யாருக்கும் விளக்கம் தேவைப்படாத புதிய ஜெர்மன் பெயர்களை உண்டாக்கினர். கோட்லோப் என்றால் கடவுளைப் புகழ். டிரௌகோட் என்றால் கடவுளை நம்பு. ஃபுர்ஷ்டெகோட் என்றால் கடவுளுக்கு அஞ்சு. லேபெரெஷ்ட் என்றால் நேர்மையாக வாழ். உறுப்புகளைச் சேர்த்து வாக்கியமாகப் படிக்கக்கூடாது என்று மேலே எழுதினேன். இந்த ஒரு வகைக்கு அது பொருந்தாது. இவை உண்மையாகவே வாக்கியங்கள், குழந்தையைக் கூப்பிடும்போதெல்லாம் அதன் காதில் விழும் கட்டளைகள். கவிஞர் கெல்லர்ட்டின் நடுப்பெயர் ஃபுர்ஷ்டெகோட். வாட்டர்லூ போரில் பிரஷ்யப் படையை நடத்திய தளபதி புளூஷரின் நடுப்பெயர் லேபெரெஷ்ட்.

அந்தப் பக்தி இயக்கத்தின் மையமான ஹாலே நகரில் பயின்றவர்தான் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு. உடன் வந்தவர் ஹைன்ரிக் புளூட்சௌ. ஒருவர் பெயர் இயேசுவின் சீடருடையது, மற்றவர் பெயர் பழைய ஜெர்மானியக் காட்டுக்குடிகளுடையது. ஜெர்மன் பெயர் மரபின் இரண்டு அடுக்குகளும் ஒரே கப்பலில் நம் கரைக்கு வந்தன. பின்னர் தஞ்சையில் சரபோஜியின் பாதுகாவலராக இருந்த கிறிஸ்டியான் ஃபிரீட்ரிக் ஸ்வார்ட்ஸ் தம் ஒருவர் பெயரிலேயே அவ்விரண்டையும் சுமந்தவர்.

இரண்டு மூன்று பெயர்களைச் சேர்த்து வைக்கும் வழக்கம் பற்றியும் தங்கள் அக்கா மகளுக்குத் தெரிந்திருப்பது உதவும். இசைமேதை பாஹ்வின் தந்தை யோஹான் ஆம்புரோஸியஸ். அண்ணன்மார் யோஹான் கிறிஸ்டோஃப், யோஹான் யாக்கோப். அவர் யோஹான் செபாஸ்டியன். எல்லாரும் யோஹான் என்றால் வீட்டில் எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள்? இரண்டாவது பெயரால். அவ்வாறு கூப்பிடுவதற்குரிய பெயரை 'ரூஃப்னாமெ' என்பார்கள். முன்னாளில் ஆவணங்களில் அதன் கீழ் கோடிட்டுக் காட்டுவது வழக்கம். முதலில் எழுதப்படுவதே அழைக்கும் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை.

ஒரு திருமுழுக்குப் பதிவை மட்டும் அருகில் வைத்துப் பார்ப்போம். 1756 ஜனவரி 28 அன்று சால்ஸ்பர்க் பேராலயத்தின் ஏட்டில், முந்தின நாள் மாலை பிறந்த ஓர் ஆண் குழந்தையின் பெயர் லத்தீனில் எழுதப்பட்டது: யோவான்னஸ் கிறிஸோஸ்டமஸ் வோல்ஃப்காங்கஸ் தியோஃபிலஸ். ஜனவரி 27 புனித யோவான் கிறிஸோஸ்தோமின் நாள் என்பதால் முதல் இரண்டு சொற்கள். அம்மாவின் தந்தை வோல்ஃப்காங் நிக்கோலஸ் பெர்ட்டல் என்பதால் மூன்றாவது. ஞானத்தந்தையின் பெயர் யோஹான் தியோஃபிலஸ் பெர்க்மையர் என்பதால் நான்காவது. கடவுளுக்கு அன்பன் என்னும் அக்கிரேக்கப் பெயரைக் குழந்தையின் தந்தை கடிதத்தில் கோட்லீப் என்று ஜெர்மனில் எழுதினார். வளர்ந்த பிள்ளை அமாடே என்று எழுதிக்கொண்டான். மோட்ஸார்ட் என்னும் அப்பிள்ளையின் பெயரில் ஓநாயும் இல்லை, நடையும் இல்லை. ஒரு நாள், ஒரு பாட்டன், ஒரு ஞானத்தந்தை என மூவர் இருக்கிறார்கள்.

19-ஆம் நூற்றாண்டில் பழம்பெருமை பேசும் தேசிய உணர்வு எழுந்தபோது, தூசு படிந்திருந்த ஸீக்ஃபிரீட், புருன்ஹில்டே, குந்தர் போன்ற பெயர்கள் மீண்டும் எடுக்கப்பட்டன. 1876-இல் பைரோய்ட்டில் வாக்னரின் நிபெலுங்க இசைநாடகங்கள் முழுமையாக மேடையேறியதும் அதற்கு உரமாயிற்று. கி.பி. 9-இல் ரோமப் படையை முறியடித்த அர்மினியஸின் இயற்பெயர் ஹெர்மன் என்று 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே நம்பப்பட்டு, 1875-இல் டெட்மோல்ட் அருகே அப்பெயரிலேயே மாபெரும் சிலையும் நிறுவப்பட்டது. ஆனால் மொழியியலின்படி அவ்விரு பெயர்களுக்கும் தொடர்பு காட்ட முடியாது. படையைக் குறிக்கும் 'ஹெரி'யும் மனிதனைக் குறிக்கும் 'மன்'னும் சேர்ந்ததே ஹெர்மன்.

அந்தப் பெருமையுணர்வு எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1938 ஆகஸ்டில் வெளியான ஆணையின்படி, யூதர் என்று உடனே அடையாளம் காட்டாத பெயருடைய யூத ஆண்கள் அனைவரும் இஸ்ரேல் என்றும், பெண்கள் அனைவரும் சாரா என்றும் கூடுதல் பெயரைத் தாங்க வேண்டியதாயிற்று. ஸீக்ஃபிரீட், லுட்விக், ஹேட்விக் என்று பெயர் வைத்துக்கொண்டு தலைமுறைகளாக அந்நாட்டில் வாழ்ந்தவர்கள் அவர்கள். உயர்குடி, ஓநாய் என்னும் இரு பழைய உறுப்புகளால் ஆன அடோல்ஃப் என்னும் பெயர், 1292-இல் அரசனான நாசாவ் அடோல்ஃபையும் ஸ்வீடன் அரசன் குஸ்தாவ் அடோல்ஃபையும் நினைவூட்டிக்கொண்டிருந்தது. 1945-க்குப் பிறகு அதை எவரும் குழந்தைக்கு வைப்பது அரிதாகிவிட்டது. உறுப்புகளின் பொருளில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

போருக்குப் பின் பல பத்தாண்டுகள் பின்தள்ளப்பட்டிருந்த கொள்ளுப்பாட்டி காலத்துப் பெயர்கள் இப்போது திரும்பிவந்திருக்கின்றன. பதிவு அலுவலகங்களின் தரவுகளைத் திரட்டி ஜெர்மன் மொழிக் கழகம் ஆண்டுதோறும் வெளியிடும் பட்டியலில் எம்மா பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்கிறது. முழுமை அல்லது பெருமை என்னும் பொருளுடைய 'இர்மின்' என்பதில் தொடங்கும் இர்ம்கார்ட் போன்ற நீண்ட பெயர்களின் குறுக்கம் அது. மட்டில்டா, ஃப்ரீடா, கார்ல், ஓட்டோ ஆகியவையும் மழலையர் பள்ளிகளில் மறுபடியும் கேட்கின்றன. கெர்ட்ரூட்டும் ஹேட்விக்கும் இன்னும் பெரும்பாலும் பாட்டிகளின் பெயர்களாகவே இருக்கின்றன.

எனவே தங்கள் அக்கா மகளுக்கு என் பரிந்துரை இது. போர் என்னும் சொல் எந்த வடிவிலும் வேண்டாம் என்றால் ஃப்ரீடா நல்ல பெயர். அமைதி என்னும் 'ஃப்ரிடு'வில் பிறந்தது, தமிழ் நாவுக்கும் எளிது. கெர்ட்ரூட்டின் பின்னுறுப்பு வலிமை என்னும் பொருளுடையது என்றாலும், மக்கள் அதை நெடுங்காலமாக 'அன்புக்குரியவள்' என்று கேட்டுப் பழகிவிட்டார்கள். ட்ரூடி என்று சுருக்கினால் கேட்கவும் இனிமை. ஹேட்விக் என்பதை வடக்கே 'ஹேட்விஷ்' என்பதுபோல் மென்மையாகவும் தெற்கே 'ஹேட்விக்' என்றும் ஒலிப்பார்கள்; வீட்டில் ஹேடி என்று கூப்பிடலாம். தமிழ்ப் பெயரைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பெயரிலிருந்தே பால் தெரிய வேண்டும் என்று வற்புறுத்தி ஒரு பதிவு அலுவலர் இந்தியப் பெயர் ஒன்றை ஏற்க மறுத்த வழக்கில், அப்படி வற்புறுத்தச் சட்டத்தில் இடமில்லை என்று ஜெர்மன் அரசமைப்பு நீதிமன்றம் 2008 டிசம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. பிறப்பை ஒரு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பதால் இரண்டு பெயர்களின் எழுத்துக்கூட்டலையும் முன்னதாகவே முடிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

குழந்தை அக்டோபரில் பிறக்கும் என்று எழுதியிருந்தீர்கள். புனித ஹேட்விக்கின் நாள் அக்டோபர் 16.